அண்ணன் பெயரில் வந்த ரத்தம்

மார்ச் 3

அக்காவுக்கு,

நானே முதலில் எழுதுகிறேன் என்பதால் சமாதானத்துக்கு வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு விவரம் கேட்க வேண்டும். நீ பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாய். வேறு ஆள் தெரிந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன்.

சுகாதார அலுவலகத்திலிருந்து அண்ணன் பெயருக்கு ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தபால்காரர் ஒன்றும் நடக்காதது போலக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பச்சை மூடி போட்ட குழாய், மூடியோடு ஒட்டிய ஒரு குச்சி, கவர், படம் போட்ட காகிதம். படத்தைப் பார்த்தால் கழிவறைச் சமாசாரம் என்று தெரிகிறது. சீ என்று மூடி, அவர் அறையில் சட்டைகள் இருக்கும் அலமாரியில் வைத்துவிட்டேன். அவருக்கு வந்தது அவர் அறையில்தானே இருக்க வேண்டும்.

நேற்று ஒரு கடிதமும் வந்துவிட்டது. மேலே அண்ணன் பெயர். கீழே ஒரே வரி: 'உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.'

லாண்டரியில் நாள் முழுக்க நீராவியில் வேகிறவன் நான். எனக்குக் கை சில்லிட்டுப்போனது. கோர்ட்டில் டவாலியாக நின்று ஆயுள் முழுக்க ஊரார் பெயரைக் கூப்பிட்டவர் அவர். இப்போது அவர் பெயரை யாரோ கூப்பிடுகிறார்கள்.

இது என்ன பெட்டி என்று மட்டும் எழுது. மற்றதெல்லாம் வேண்டாம்.

தம்பி

மார்ச் 9

சுருட்டைக்கு,

தலையில் ஒரு முடி மிச்சமில்லாவிட்டாலும் எனக்கு நீ சுருட்டைதான்.

கடிதம் எழுதும் அளவுக்காவது இறங்கி வந்தாயே. போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். அண்ணன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "அவர ரெண்டாவது தடவ சாகடிக்கிறியா?" என்று கத்திவிட்டு வைத்தாய். அன்றோடு சரி. கடிதத்தில் ஒரு வசதி, நான் சொல்வதை நடுவில் வெட்ட உன்னால் முடியாது.

பெட்டியில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஒரு வயதுக்கு மேல் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். அண்ணன் இறந்ததை யாரும் அந்த அலுவலகத்துக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. நானே எழுதிப்போட்டு அவர் பெயரை எடுக்கச் சொல்கிறேன். நீ பெட்டியைக் குப்பையில் போடு.

ஆனால் உனக்கும் ஐம்பது முடிந்துவிட்டது, உன் பெயருக்கும் ஒன்று வரும். அதைப் போடாதே. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை அது. குடலுக்குள் சதை வளர்ந்திருந்தாலோ கட்டி இருந்தாலோ சொட்டுச் சொட்டாகக் கசியும். சிவப்பாகத் தெரிகிற அளவுக்கு இருக்காது. வலியும் இருக்காது. மலம் தண்ணீரில் விழுவதற்கு முன் காகிதத்தில் பிடித்து, குச்சியால் நாலைந்து இடத்தில் தொட்டு, குழாயில் செருகி மூடி, தேதி எழுதித் தபாலில் போட வேண்டும். கூடத்தில் நாங்கள் சேர்ப்பது மனித ரத்தத்தை மட்டும் தேடுகிற மருந்து, அதனால் சாப்பாட்டில் பத்தியம் எதுவும் கிடையாது. நான் தினமும் இந்தப் பச்சை மூடிகளைத்தான் மெஷினில் அடுக்குகிறேன்.

அண்ணன் இதைச் செய்யவே இல்லை. ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தபோது புற்று முற்றிக் குடல் அடைத்துவிட்டிருந்தது. உனக்குத் தெரியாததா.

அக்கா

மார்ச் 24

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் அவருக்கு இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. அதே வரிதான். இந்தத் தடவை கறுப்பு மையில், தடித்த எழுத்தில்.

கோர்ட்டில் அவர் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறாய் அல்லவா? முதல் தடவை சாதாரணமாக. இரண்டாவது தடவை பெயரின் கடைசி எழுத்தை வராந்தாவின் அந்த முனை வரைக்கும் இழுத்து. மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் அவன் இல்லாமலே தீர்ப்பு. வீட்டிலும் நம்மை அப்படித்தான் கூப்பிடுவார். "மூணாவது தடவ கூப்பிட வெச்சீங்கன்னா நானே எந்திரிச்சு வந்துடுவேன்" என்பார். நீயும் நானும் எங்கே இருந்தாலும் இரண்டாவதுக்குள் ஓடிவந்து நிற்போம்.

எனக்கு மூன்றாவது கடிதம் வேண்டாம் அக்கா. அதனால் அவருக்குப் பதிலாக நானே செய்து அனுப்பிவிட்டேன். என் பெயருக்கும் பெட்டி வந்திருந்தது. ஒரே காலையில், ஒரே காகிதத்திலிருந்து, இரண்டு குச்சி, இரண்டு குழாய். இரண்டையும் சேர்த்துத்தான் தபாலில் போட்டேன்.

சிரிக்காதே. எனக்கு ரத்தம் இல்லை என்று எனக்கே தெரியும். வெள்ளைத் துணியில் ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் கூடத்தின் மறுமுனையிலிருந்து சொல்வேன், எங்கள் லாண்டரி மேஸ்திரியைக் கேள். என்னிடமிருந்து வருவது என் கண்ணுக்குத் தப்புமா? அவர் பெயருக்கு ஒரு பதில் போக வேண்டும், அவ்வளவுதான்.

தம்பி

ஏப்ரல் 10

அக்கா,

இரண்டு பதிலும் வந்துவிட்டது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் பெயரில்: ரத்தம் இல்லை.

அண்ணன் பெயரில்: ரத்தம் காணப்பட்டது, மேல் பரிசோதனைக்கு வரவும், இன்ன நாள், இன்ன ஆஸ்பத்திரி.

ஒரே உடம்பு, ஒரே காலை, ஒரே கை. என் பெயர் எழுதியதில் இல்லாத ரத்தம் அவர் பெயர் எழுதியதில் எப்படி வந்தது? நீதான் சொல்ல வேண்டும். மெஷினில் அடுக்குகிறவள் நீதானே.

இன்னொன்றும் சொல்கிறேன், பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அவர் கட்டில் விரிப்பை வாரா வாரம் துவைத்துப் போடுகிறேன். யாரும் படுப்பதில்லை, ஆனாலும் துவைக்கிறேன். இந்த வாரம் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி எடுத்தபோது நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தேநீர் நிறத்தில் ஒன்று மேலே வந்தது. போன வாரம் இல்லை. நாங்கள் ரத்தக்கறையா என்று சந்தேகம் வந்தால் பெராக்சைடு ஊற்றிப் பார்ப்போம், ரத்தமென்றால் நுரைக்கும். ஊற்றினேன். பட்டப்பகல், ஜன்னல் திறந்திருக்கிறது, வெளியே ஆட்கள் பேசிக்கொண்டு போகிறார்கள். அந்த இடம் மட்டும் மெல்லச் சலசலவென்று நுரைத்தது. காதைக் கிட்டே வைத்தால் யாரோ வாய்க்குள்ளேயே பேசுவது போல இருந்தது.

அவருக்கு இன்னும் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது அக்கா. நாம்தான் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டோம்.

தம்பி

ஏப்ரல் 14

சுருட்டை,

உன் கடிதத்தை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். என் வீட்டுக்காரர், உன் மாமா, கால் ஒடிந்து கட்டோடு படுத்திருக்கிறார், இல்லாவிட்டால் அன்றே பஸ் ஏறி வந்து உன் காதைத் திருகியிருப்பேன்.

விரிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். அது அவர் கடைசி மாதங்களில் படுத்திருந்த விரிப்பு. கறை நூலுக்குள் இறங்கியிருக்கும், நீ வாரா வாரம் போடுகிற சூடு அதைப் பழுப்பாக்கி மேலே கொண்டுவந்திருக்கும். உன் தொழில், உனக்குத் தெரியாதா? வேறு எவன் வீட்டு விரிப்பென்றாலும் நீயே இதைச் சொல்லியிருப்பாய்.

இப்போது குழாய்க்கு வருகிறேன். மெஷினுக்குப் பெயர் தெரியாது. அது பார்ப்பது ரத்தத்தை மட்டும். அண்ணன் பெயர் ஒட்டிய குழாயில் இருந்தது உன் மலம். அந்த ரத்தம் உன்னுடையது. நன்றாகக் கேட்டுக்கொள், உன்னுடையது.

ரத்தம் என்றதும் புற்று என்று அர்த்தமில்லை. மூலமாக இருக்கலாம், புண்ணாக இருக்கலாம், சதை வளர்ச்சியாக இருக்கலாம். ரத்தம் காணப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்று இருக்காது. ஆனால் எது என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும், வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. கொலனோஸ்கோபி என்று பெயர், கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பார்கள். அதேபோல 'இல்லை' என்று வந்தாலும் ஒன்றுமே இல்லை என்று பொருளில்லை. கசிவு விட்டுவிட்டு வரும். அன்றைக்குத் தொட்ட இடத்தில் இல்லாமலும் போகலாம்.

ஆனால் ஒரே நாள், ஒரே காகிதம் என்கிறாய். அதுதான் எனக்கும் இடிக்கிறது. ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. குழாயை மூடியதிலிருந்து தபாலில் போடும் வரை இரண்டையும் எங்கே வைத்திருந்தாய்?

அக்கா

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

கேட்டதற்குப் பதில். அன்று வெள்ளிக்கிழமை, தபால் போய்விட்டது. திங்கட்கிழமைதான் போட்டேன். அவருடையதை அவர் அறை அலமாரியில் வைத்தேன். அங்கே எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும், உனக்கே தெரியும். என்னுடையதைக் கூடவே எடுத்துப்போய் லாண்டரியில் பிரஸ்ஸுக்கு மேலே இருக்கிற தட்டில், என் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறந்துபோகாமல் இருக்கத்தான்.

சூடு பட்டிருக்கும், அதனால் என்ன? சூடு ரத்தத்தைப் போகவிடாது, அழுத்திப் பிடித்து வைக்கும். ரத்தத்துணியை வெந்நீரில் போட்டவனை மேஸ்திரி செவிட்டில் அறைவார். சூட்டில் இருந்த என் குழாயில்தான் ரத்தம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்?

எப்படியோ, நீ கவலைப்பட வேண்டாம். நேற்று அலுவலகத்திலிருந்து வந்துவிட்டது. 'இவர் காலமாகிவிட்டதாக அறிகிறோம். வருந்துகிறோம். பரிசோதனைத் தேதி ரத்து செய்யப்பட்டது. கோப்பு மூடப்பட்டது.' நீ எழுதிப்போட்டது போய்ச் சேர்ந்திருக்கிறது.

கேஸ் முடிந்தது. இனி அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். படித்ததும் எனக்கு அழுகை வந்தது, பிறகு ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன். அறைதான் முன்பைவிட அமைதியாக இருக்கிறது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

தம்பி

ஏப்ரல் 24

சுருட்டை,

முட்டாள், முட்டாள், முட்டாள். உன்னைச் சொல்கிறேனா என்னைச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

துணியில் சூடு ரத்தத்தைப் பிடித்து வைக்கும், ஒப்புக்கொள்கிறேன். குழாய்க்குள் அது வேறு கதை. எங்கள் மருந்து ரத்தத்தை அதன் உருவத்தை வைத்துத்தான் அடையாளம் காணும். சூட்டில் கிடந்தால் அந்த உருவம் சிதைந்துபோகும். ரத்தம் அங்கேயே இருக்கும், மருந்துக்குத் தெரியாது. வெயிலில் கிடந்த குழாய்களை நாங்கள் இதற்காகவே திருப்பி அனுப்புகிறோம். உன் குழாய் பிரஸ் மேல் வெந்தது. அண்ணனுடையது அலமாரியில் குளிர்ச்சியாக இருந்தது. அதனால்தான் உன்னுடையது பொய் சொன்னது, அவருடையது உண்மை சொன்னது. நீ அவரை மரியாதையாக வைத்தாய், அதுதான் உன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

அந்த உண்மையைத்தான் நான் மூடச் சொல்லி எழுதிவிட்டேன். கோப்போடு உன் உயிரையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

நேற்று லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். மேஜைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்தவருக்கு எப்படிம்மா ரத்தம் வரும்?"

"அதையேதான் சார் நானும் கேக்கறேன். செத்தவர் குழாய்ல ரத்தம் இருந்தா அது யாரோட ரத்தம்?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோப்பைத் திறக்கச் சொன்னேன், திறந்தார். டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அண்ணனுக்கு எதனால் என்று. சொன்னேன். "கூடப் பொறந்தவருக்கு இது இருந்திருந்தா மத்தவங்க இந்தப் பெட்டிக்காகக் காத்திருக்கவே கூடாதும்மா, நேராக் கொலனோஸ்கோபிக்கு வந்துடணும்" என்றார். உன் பெயரிலேயே எழுதிக்கொடுத்திருக்கிறார். மே 8, காலை. சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். மேஸ்திரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போ.

அண்ணன் இல்லை, அதனால் நான் கூப்பிடுகிறேன். சுருட்டை. ஒன்று. சுருட்டை. இரண்டு. மூன்றாவது என்னிடம் இல்லை.

அக்கா

மே 15

அக்காவுக்கு,

போய்விட்டு வந்தேன். மேஸ்திரி வந்தார். அண்ணனின் நீலக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

முந்தின நாள் குடலைக் கழுவக் குடிக்கச் சொன்ன மருந்தைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. வாஷிங் மெஷினுக்குள் என்னையே போட்டுச் சுற்றிவிட்ட மாதிரி ஆயிற்று.

காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவர் வெள்ளை, வெளிச்சம் வெள்ளை, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கதவைப் பார்க்கிறார்கள். கோர்ட் வராந்தா மாதிரியே இருந்தது. யாரையோ தள்ளிக்கொண்டு போன கட்டிலில் இருந்த விரிப்பு எங்கள் லாண்டரியில் துவைத்தது, ஓரத்தில் எங்கள் சிவப்பு நூல் குறி. அந்தக் குறியைப் பார்த்ததும் அண்ணனின் விரிப்பு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. என் குழாயில் இல்லை என்றுதானே வந்தது, எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. மேஸ்திரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டேன். கதவில் கை வைத்துவிட்டேன்.

பின்னாலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். கடைசி எழுத்தை இழுத்து, இழுத்து, அந்த முனை வரைக்கும்.

என் கால் தானாகத் திரும்பிவிட்டது. ஓடிவந்து கவுண்டரில் நின்றேன். அங்கே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "உங்கள இன்னும் கூப்பிடலையே. ஆனா அடுத்து நீங்கதான், வாங்க" என்றாள். மேஸ்திரியைக் கேட்டேன். "யாரும் கூப்பிடலப்பா, ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?" என்றார்.

நான் உனக்கு இதை விளக்கப்போவதில்லை. நீயும் எனக்கு விளக்காதே.

உள்ளே ஒரு சதை வளர்ச்சி இருந்தது. பெரியது. அங்கேயே அடியோடு எடுத்துவிட்டார்கள். அதைச் சோதித்த முடிவு நேற்று வந்தது. ஒரு ஓரத்தில் கெட்டுப்போக ஆரம்பித்திருந்ததாம், வெட்டிய விளிம்பு சுத்தமாக இருக்கிறதாம். "இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தா உங்க அண்ணன் கதைதான்" என்றார் டாக்டர். இனி அவர் சொல்கிற கெடுவில் போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நல்ல வெயில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள்.

சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். நீலக் கோடு மட்டும் என்னிடம் இருக்கிறது.

இப்போது என் முறை, ஒரு கேள்வி கேட்கிறேன். உன் கடிதங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் படித்தேன். கூடப் பிறந்தவர்கள் பெட்டிக்காகக் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய். நீ எனக்கு மட்டும்தான் அக்கா. அண்ணனுக்குத் தங்கை. நீ போய்ப் பார்த்துக்கொண்டாயா?

தம்பி

ஜூன் 2

சுருட்டை,

உன் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மாமாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள், வேலை இருந்தது, அது இது என்று நாலு சாக்கு எழுதிக் கிழித்துப்போட்டேன். பார்த்துக்கொள்ளவில்லை. ஊரார் குழாயைத் தினமும் அடுக்குகிறவளுக்குத் தன்னுடையதை அடுக்கத் தைரியம் வரவில்லை. என் பெயருக்கு வந்த பெட்டி தையல் மெஷின் இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாள் எனக்கும் ஒரு தபால் வந்தது. என் வீட்டு முகவரி, அண்ணன் பெயர். 'உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.'

எனக்குக் காரணம் தெரியும். சிகிச்சைக்காக இங்கே தங்கியிருந்தபோது என் முகவரியையும் கொடுத்திருந்தார். உனக்காக நான் திறக்கவைத்த கோப்பை யாரும் திரும்ப மூடவில்லை. மெஷின் அது பாட்டுக்கு அனுப்புகிறது. இதையெல்லாம் கூடத்தில் நின்றுகொண்டு எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மாமா உள்ளேயிருந்து, "யார்கூடப் பேசிட்டிருக்கே?" என்று கேட்டார்.

நேற்று இரண்டாவது வந்தது. கறுப்பு மை, தடித்த எழுத்து. நீ எழுதியிருந்தது போலவே.

நான் பயப்படுகிறேன். அவர் பெயரைப் பார்த்துப் பயப்படவில்லை. உனக்குள் இருந்தது எனக்குள்ளும் இருக்குமோ என்றுதான் பயம். அவரை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

இன்று காலை டாக்டரிடம் போய் நாள் வாங்கிவிட்டேன். பெட்டி வேண்டாம், நேராகக் கொலனோஸ்கோபி. ஜூன் 11. துணைக்கு வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். மாமாவால் இன்னும் நடக்க முடியாது. நீ வா. நீலக் கோடுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள். என் பெயரைக் கூப்பிடும்போது நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், நேராக உள்ளே போய்விடுவேன். கூப்பிட்டது யார் என்று நீ பார்த்து வைத்திரு.

அக்கா